கட்டியைக் கண்ட நாள் முதல் சிகிச்சை முடியும் நாள் வரை: மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுப் பயணங்கள் கேட்க வேண்டியவை

புது தில்லி:

ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால், நாட்டின் நெடுஞ்சாலைகளில் இளஞ்சிவப்பு நாடா ஒட்டிய கார்களையும் மோட்டார் சைக்கிள் அணிவகுப்புகளையும் காண முடிகிறது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தையொட்டித் தன்னார்வ அமைப்புகள், மருத்துவமனைகள், நோயிலிருந்து மீண்ட பெண்கள் எனப் பல தரப்பினர் இத்தகைய பயணங்களை மேற்கொள்கின்றனர். வழியில் உள்ள கல்லூரிகளிலும் கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் வண்டி நிற்கிறது. துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்படுகின்றன, உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. பயணம் நிறைவடைந்ததும் கடந்த தொலைவும் சந்தித்த மக்களின் எண்ணிக்கையும் செய்திக் குறிப்பில் இடம்பெறுகின்றன.

அந்த வண்டி கடந்து சென்ற பிறகு அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கேனும் என்ன மாறியது என்ற கேள்விக்கு அக்குறிப்புகளில் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. நோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் பெருமளவில் இருப்பதற்கு அறியாமை மட்டுமே காரணம் என்று கருதினால், உரையும் துண்டுப் பிரசுரமும் போதுமானவை. ஆனால் கட்டியைக் கண்ட நாளுக்கும் சிகிச்சை முடியும் நாளுக்கும் இடையே பெண்கள் எங்கெல்லாம் தடைபட்டு நிற்கிறார்கள் என்பதை நாட்டின் ஆய்வுத் தரவுகள் வேறு விதமாகக் காட்டுகின்றன. சொல்லத் தயங்குவதில் ஒரு தாமதம், பரிசோதிக்க ஆள் இல்லாததில் ஒரு தாமதம், நோயை உறுதி செய்வதில் ஒரு தாமதம், சிகிச்சையை இடையில் கைவிடுவதில் மற்றோர் இழப்பு என நான்கு கட்டங்களாக அதனைப் பிரித்துப் பார்க்கலாம். விழிப்புணர்வுப் பயணம் ஒன்று பேசுவதைவிடக் கேட்பதற்கு முக்கியத்துவம் அளித்தால், ஒவ்வோர் ஊரிலும் எந்தக் கட்டத்தில் பெண்கள் தடைபடுகிறார்கள் என்பதை அது அறிந்துகொள்ள முடியும்.

எண்கள் கூறுவது

உலகப் புற்றுநோய்க் கண்காணிப்பகத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,92,020 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் 98,337 பேர் இந்நோயால் உயிரிழந்தனர். உலக அளவில் அவ்வாண்டு சுமார் 23 லட்சம் பேருக்கு நோய் கண்டறியப்பட்டு, சுமார் 6.7 லட்சம் பேர் உயிரிழந்தனர். அதாவது, உலக அளவில் புதிய நோயாளிகள் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூன்று மரணங்கள் பதிவாகும் நிலையில், இந்தியாவில் அது ஐந்தாக உள்ளது.

இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் நோய் கண்டறியப்படும் நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனைகளில் பதிவான மார்பகப் புற்றுநோயாளிகளில் 57 சதவீதத்தினருக்கு நோய் அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவிய நிலையிலேயே கண்டறியப்பட்டிருந்தது. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து அதே திட்டத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, இதன் விளைவைத் தெளிவுபடுத்துகிறது. நோய் மார்பகத்துக்குள் அடங்கியிருந்த பெண்களில் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் 81 சதவீதம். அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவியிருந்தால் 65.5 சதவீதம். உடலின் தொலைவான உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் 18.3 சதவீதம் மட்டுமே.

எனினும், நோய் முற்றும் முன் கண்டறிவதற்கான பரிசோதனை மிக அரிதாகவே நடைபெறுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம் எனத் தெரியவந்தது. நூறு பெண்கள் கூடியிருக்கும் ஒரு கிராமக் கூட்டத்தில் பரிசோதனை செய்துகொண்டவர் ஒருவர் இருந்தாலே அது தேசிய சராசரியை எட்டிவிடும்.

முதல் தாமதம்: சொல்லத் தயங்குதல்

இத்தகைய கூட்டங்களில் பெண்கள் பகிர்ந்துகொள்ளும் அனுபவங்கள் மொழிக்கு மொழி மாறினாலும் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. வலி இல்லாததால் அச்சமும் இல்லை. அறுவடை முடியட்டும், பிள்ளையின் தேர்வு முடியட்டும், வீட்டில் ஒரு நல்ல காரியம் முடியட்டும் என்று நாட்கள் கழிகின்றன. உடலில் வலியைத்தான் நோயின் அடையாளமாக நாம் பழகியிருக்கிறோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கட்டியைத் தவிர, மார்பகத்தின் அளவிலோ வடிவத்திலோ ஏற்படும் மாற்றம், தோல் சுருங்குதல் அல்லது குழி விழுதல், காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிதல், அக்குளில் வீக்கம் ஆகியவையும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகளாகும். இவை அனைத்தும் புற்றுநோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் எது எந்த வகை என்பதைப் பரிசோதனையால் மட்டுமே கூற முடியும். ஆண்களுக்கும் இந்நோய் வரக்கூடும் என்பதும், மொத்த நோயாளிகளில் அவர்கள் ஏறத்தாழ 0.5 முதல் 1 சதவீதம் வரை உள்ளனர் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

இந்த அறிகுறிகளைக் கணவரிடமும் மாமியாரிடமும் ஆண் மருத்துவரிடமும் எந்தச் சொல்லால் கூறுவது என்பதே பல பெண்களுக்கு முதல் தடை. இத்தயக்கம் கிராமங்களோடு நின்றுவிடவில்லை. 2024 அக்டோபரில் தில்லி மெட்ரோ ரயில் பெட்டி ஒன்றில் இடம்பெற்ற மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு விளம்பரம், மார்பகம் என்ற சொல்லைத் தவிர்த்து, மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழங்களைச் சோதித்துப் பாருங்கள் என்ற பொருளில் அமைந்திருந்தது. சமூக ஊடகங்களில் கடும் விமர்சனம் எழுந்ததையடுத்து மெட்ரோ நிர்வாகம் அதனை அகற்றியது. தலைநகரின் நவீனப் போக்குவரத்தில், விழிப்புணர்வு ஊட்டுவதற்கென்றே எழுதப்பட்ட ஒரு வாசகத்தால்கூட அந்த உறுப்பின் பெயரைச் சொல்ல இயலவில்லை. அவ்வாறிருக்க, சிற்றூர்ப் பெண் ஒருவர் அதனைத் தம் வீட்டில் எளிதாகச் சொல்லிவிடுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்தத் தடையை உடைப்பதில் தனிப்பட்ட அனுபவப் பகிர்வு ஆற்றும் பங்கு பெரிது. நடிகை கௌதமி 35ஆம் வயதில் இந்நோயை எதிர்கொண்டு மீண்டு, பின்னர் லைஃப் அகெய்ன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். எழுத்தாளரும் இயக்குநருமான தாஹிரா காஷ்யப் 2018ஆம் ஆண்டில் சிகிச்சை பெற்றார். 2019 பிப்ரவரி 4ஆம் தேதி, உலகப் புற்றுநோய் நாளன்று, தம் முதுகில் உள்ள அறுவை சிகிச்சைத் தழும்பு தெரியும் படத்தை அவர் வெளியிட்டார். தொலைக்காட்சி நடிகை ஹினா கான் தமக்கு மூன்றாம் நிலை மார்பகப் புற்றுநோய் இருப்பதை 2024 ஜூன் மாதம் அறிவித்தார். பிரபலங்களின் குரல் தொலைக்காட்சி வழியே கோடிக்கணக்கானோரைச் சென்றடைகிறது. எனினும், அடுத்த தெருவில் வசிக்கும் ஒரு பெண் எழுந்து நின்று, தமக்கு இந்நோய் வந்தது, சிகிச்சை பெற்றேன், இன்று வயலுக்குச் செல்கிறேன் என்று கூறும்போது அக்கூட்டத்தில் ஏற்படும் நம்பிக்கை வேறு வகையானது. பயண வண்டியில் வந்தவர்கள் அன்று மாலையே புறப்பட்டுவிடுவார்கள். அந்தப் பெண்ணோ மறுநாளும் அதே தெருவில் இருப்பார்.

இரண்டாம் தாமதம்: பரிசோதிப்பது யார்?

விழிப்புணர்வுப் பயணங்களில் பரவலாகக் கற்பிக்கப்படுவது மார்பகச் சுயபரிசோதனை. இது குறித்து நடத்தப்பட்ட மிகப்பெரிய ஆய்வு சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்தது. ஜவுளி ஆலைகளைச் சேர்ந்த 2,66,064 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் இறுதி முடிவுகள் 2002ஆம் ஆண்டு வெளியாயின. சுயபரிசோதனை கற்பிக்கப்பட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை. மாறாக, புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகள் அதிகரித்தன. இதன் பொருள், பெண்கள் தம் உடலைக் கவனிக்க வேண்டாம் என்பதன்று. தம் மார்பகத்தின் இயல்பான தன்மையை அறிந்திருப்பதும், மாற்றம் தெரிந்தால் தாமதிக்காமல் காட்டுவதும் அவசியமே. ஆனால் சுயபரிசோதனை முறையைக் கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வதால் மட்டும் உயிர்கள் காப்பாற்றப்படுவதில்லை என்பதை அந்த ஆய்வு உணர்த்துகிறது.

மற்றொரு வழியை மும்பை காட்டியுள்ளது. டாடா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, பயிற்சி அளிக்கப்பட்ட ஆரம்ப நிலை சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தனர். இருபதாண்டுக் காலப் பின்தொடர்தலுக்குப் பின் 2021ஆம் ஆண்டு முடிவுகள் வெளியிடப்பட்டன. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முந்தைய நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் கொண்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தன. 50 வயதுக்கு உட்பட்டோரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. அனைத்து வயதினரையும் சேர்த்துப் பார்க்கும்போது தென்பட்ட 15 சதவீதக் குறைவு, புள்ளியியல் அளவில் உறுதியானதாக இல்லை. இந்த வரம்புகளோடு சேர்த்துப் பார்த்தாலும், விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, பயிற்சி பெற்ற கைகள் மட்டும் எதனைச் சாதிக்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்று.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் 1,15,652 பெண்களைக் கொண்டு இதே போன்ற ஆய்வு நடத்தப்பட்டது. அதன் தொடக்கக்கட்ட முடிவுகள் 2011ஆம் ஆண்டு வெளியாயின. பரிசோதனை செய்யப்பட்ட பிரிவில் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டவர்களின் விகிதம் அதிகமாக இருந்ததை அவை காட்டின.

இவற்றின் அடிப்படையில் அரசின் கொள்கை ஏற்கெனவே வகுக்கப்பட்டுவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட செயல்பாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர் நிரப்பும் படிவத்தில், மார்பகத்தில் கட்டி உள்ளதா, காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு உள்ளதா, அளவிலோ வடிவத்திலோ மாற்றம் உள்ளதா ஆகிய கேள்விகள் இடம்பெற்றுள்ளன. அதாவது, பெண்ணின் கதையைக் கேட்பதற்கான இடம் அரசின் படிவத்திலேயே இருக்கிறது. அக்கேள்வி உண்மையில் கேட்கப்படுகிறதா, கேட்கப்பட்டாலும் மாமியாரும் ஆண்களும் சுற்றியிருக்கும் திண்ணையில் கேட்கப்படுகிறதா, ஆம் என்று பதில் வந்தால் அடுத்து எங்கே அனுப்பப்படுகிறார் என்பவைதான் இன்னும் விடை தேட வேண்டியவை.

விழிப்புணர்வு வண்டி ஓர் ஊருக்குள் நுழையும் முன் அந்த ஊரின் ஆஷா பணியாளரையும் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திரின் செவிலியரையும் சந்தித்துப் பேசுமானால், கூட்டத்தில் கட்டி இருப்பதாகச் சொல்லும் பெண்ணை அன்றைக்கே அவர்களிடம் ஒப்படைக்க இயலும். அந்தத் தொடர்பு இல்லையெனில், அச்சத்தை மட்டும் விதைத்துவிட்டு வண்டி புறப்பட்டதாகவே ஆகும்.

மூன்றாம் தாமதம்: உறுதி செய்தல்

கட்டி கண்டறியப்பட்ட பின் அது புற்றுநோயா என்பதை உறுதி செய்ய மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், திசுப் பரிசோதனை ஆகியவை தேவைப்படுகின்றன. முதன்முறை மருத்துவரைச் சந்தித்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் இந்தப் பணி நிறைவடைய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2021இல் தொடங்கிய உலகளாவிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சியின் இலக்குகளில் ஒன்று. பரவும் தன்மையுள்ள புற்றுநோய்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் இரு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும், 80 சதவீத நோயாளிகள் சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பவை ஏனைய இரு இலக்குகள்.

இந்த 60 நாட்களை விழுங்குவது பெரும்பாலும் தொலைவுதான். பஞ்சாபின் மால்வா பகுதியிலிருந்து ராஜஸ்தானின் பிகானேருக்குச் செல்லும் இரவு நேரப் பயணிகள் ரயில், அங்குள்ள ஆச்சார்ய துளசி புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகளால் நிரம்பியதால் 'புற்றுநோய் ரயில்' என்றே பெயர் பெற்றது. வேளாண் வளம் மிக்க ஒரு மாநிலத்தின் மக்கள், குறைந்த செலவிலான சிகிச்சைக்காக அண்டை மாநிலப் பாலைவன நகருக்கு இரவு முழுவதும் பயணம் செய்ய நேர்ந்தது. பின்னர் பஞ்சாபின் சங்ரூரிலும், 2022 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட நியூ சண்டிகரிலும் ஹோமி பாபா புற்றுநோய் மருத்துவமனைகள் அமைந்தன. விழிப்புணர்வை நோயாளிகளை நோக்கிச் செல்லும் பயணமாக மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, நோயாளிகள் சிகிச்சையை நோக்கி மேற்கொள்ளும் பயணம் எவ்வளவு நீண்டது என்பதை அந்த ரயில் நினைவூட்டுகிறது.

புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகச் செல்லும்போது ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. உடன் செல்லும் துணைவருக்கு அவ்வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்றிதழ் பெற்றால் கிடைக்கும் இந்தச் சலுகை போன்ற தகவல்கள், அறிகுறிகளின் பட்டியலுக்கு இணையான பயனுடையவை.

மருத்துவமனையையே மக்களிடம் கொண்டுசெல்லும் முயற்சிகளும் நாட்டில் நடந்துள்ளன. 1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லைஃப்லைன் எக்ஸ்பிரஸ் என்ற மருத்துவமனை ரயிலில், 2016ஆம் ஆண்டு புற்றுநோய்ப் பரிசோதனைக்கான வசதிகள் சேர்க்கப்பட்டன. பல மாநிலங்களில் மேமோகிராம் கருவி பொருத்திய வாகனங்களும் இயங்குகின்றன. இவை வரவேற்கத்தக்கவை. அதே வேளையில், வாகனத்தில் எடுக்கப்பட்ட படத்தில் சந்தேகம் எழுந்தால் திசுப் பரிசோதனை எங்கே, அறிக்கை எப்போது, அதனை அப்பெண்ணிடம் விளக்கிச் சொல்பவர் யார் என்பவற்றுக்கு வாகனம் புறப்படும் முன்பே விடை இருக்க வேண்டும்.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சமும் இக்கட்டத்தில் பலரைப் பின்வாங்கச் செய்கிறது. திசுப் பரிசோதனையால் மார்பகப் புற்றுநோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியுள்ளது. இந்த அச்சத்தைத் துண்டுப் பிரசுரத்தில் உள்ள ஒரு வரி நீக்கிவிடாது. அச்சத்தை முதலில் காது கொடுத்துக் கேட்டால்தான் விளக்கத்துக்கு இடம் பிறக்கும்.

நான்காம் கட்டம்: சிகிச்சையை முடித்தல்

கண்டறிதலோடு கதை முடிவதில்லை. அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு, சிலருக்குப் பல ஆண்டுகள் தொடரும் மாத்திரைகள் எனச் சிகிச்சை நீள்கிறது. இடையில் நின்றுவிடுவோரின் கதைகள் விழிப்புணர்வு மேடைகளில் ஒலிப்பதில்லை. மேடையில் பேசுபவர்கள் மீண்டவர்கள் என்பதால் அது இயல்பே.

இக்கட்டத்தில் நாடு கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அசாமின் பராக் பள்ளத்தாக்கில் உள்ளது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் ரவி கண்ணன், 2007ஆம் ஆண்டு சில்சாரில் உள்ள கச்சார் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றுச் சென்றார். அங்கு வந்த நோயாளிகளில் பெரும்பான்மையோர் சிகிச்சையை முடிக்காமலேயே திரும்பிச் சென்றனர். நீண்ட பயணமும் வறுமையும் அன்றாடக் கூலி இழப்பும் அதற்குக் காரணங்களாக இருந்தன. இலவசச் சிகிச்சையோடு உணவும் தங்குமிடமும் அளிக்கப்பட்டன. நோயாளியுடன் வந்த உறவினர்களுக்கு மருத்துவமனையிலேயே தற்காலிக வேலை தரப்பட்டது. தொலைவான ஊர்களில் துணை மையங்கள் தொடங்கப்பட்டன. மருத்துவமனைக் குழுவினர் நெடுந்தொலைவு பயணம் செய்து நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று, வலி நிவாரணம் குறித்துக் குடும்பத்தினருக்குப் பயிற்சி அளித்தனர். இதன் விளைவாக, சிகிச்சையைத் தொடர்வோரின் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. இப்பணிக்காக ரவி கண்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும், 2023இல் ரமோன் மகசேசே விருதும் வழங்கப்பட்டன.

கூலி போய்விடும் என்ற குறையைக் கேட்ட ஒரு மருத்துவமனை, அதற்கு அறிவுரை கூறாமல் வேலை கொடுத்தது. கதை கேட்பதன் பயன் இதில் விளங்குகிறது.

அரசின் நிதி உதவித் திட்டங்களிலும் இத்தகைய இடைவெளிகளைக் கவனிக்க வேண்டியுள்ளது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையும் அதில் அடங்கும். ஆனால் அது அடிப்படையில் உள்நோயாளிச் சிகிச்சைக்கான திட்டம். அனுமதிக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னும் பின்னும் ஆகும் செலவுகள் சேர்க்கப்பட்டாலும், நோய் உறுதியாகும் முன் மாதக்கணக்கில் புறநோயாளியாக அலையும் பெண்ணின் பரிசோதனைச் செலவுகளும் பேருந்துக் கட்டணமும் பெரும்பாலும் அவர் கையிலிருந்தே போகின்றன. மூன்றாம் கட்டத் தாமதத்தின் ஒரு பகுதிக்கு இதுவே காரணம்.

2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய நிலைநிலை அறிக்கையில், மூன்றாண்டுகளுக்குள் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் அவ்வாண்டிலேயே தொடங்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. கீமோதெரபிக்காக ஒவ்வொரு முறையும் மாநிலத் தலைநகருக்குச் செல்லும் நிலை இதனால் குறையும் என எதிர்பார்க்கப்படுகிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்துகளும் அம்மையங்களில் தடையின்றி இருந்தால், நான்காம் கட்ட இழப்பைக் குறைப்பதில் அது பெரும் பங்காற்றும்.

ஒரே நாடு, இரு விதிகள்

பிறந்த இடமும் வாழும் இடமும் ஒரு பெண்ணின் உயிர் வாய்ப்பை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்பதை முன்னர் குறிப்பிட்ட பதிவேட்டு ஆய்வு காட்டுகிறது. நாட்டின் 11 பதிவேடுகளில் ஐந்தாண்டு உயிர்வாழ் விகிதத்தின் சராசரி 66.4 சதவீதம். மிசோரமில் அது 74.9 சதவீதமாகவும், அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 41.9 சதவீதமாகவும் உள்ளது. இரண்டும் வடகிழக்கில், மலைப்பாங்கான நிலத்தில் அமைந்தவையே. எனவே, தொலைதூரப் பகுதி என்பதால் இவ்வாறுதான் இருக்கும் என்ற விளக்கம் பொருந்தாது.

மறுபுறம், நகரங்களில் நோயின் நிகழ்வே அதிகம். 2020ஆம் ஆண்டு அறிக்கையில், ஒரு லட்சம் பெண்களுக்கான வயது சீராக்கப்பட்ட விகிதம் ஹைதராபாத்தில் 48 ஆகவும், சென்னையில் 42.2 ஆகவும், பெங்களூருவில் 40.5 ஆகவும், தில்லியில் 38.6 ஆகவும் பதிவானது. நகரப் பெண்ணின் தேவையும் மலைக் கிராமப் பெண்ணின் தேவையும் ஒன்றல்ல. நாடு முழுவதும் ஒரே உரையைச் சுமந்து செல்லும் வண்டியால் இரண்டையும் நிறைவு செய்ய இயலாது.

பயணத்தை அளக்கும் முறை

விழிப்புணர்வுப் பயணங்கள் தேவையற்றவை என்பது இதன் முடிவன்று. 0.9 சதவீதம் என்ற எண் நிலவும் நாட்டில், இந்நோயின் பெயரை ஊர்ப் பொதுவிடத்தில் உரக்கச் சொல்லும் எந்த முயற்சிக்கும் மதிப்பு உண்டு. ஆயினும் சில நெறிகள் அவசியமாகின்றன.

முதலாவதாக, கதை சொல்லும் பெண்ணின் இசைவும் தனிமையும் காக்கப்பட வேண்டும். ஒலிபெருக்கிக்கு முன் சொல்லப்படும் கதையும், செவிலியருடன் தனி அறையில் சொல்லப்படும் கதையும் வேறு வேறு. பிந்தையதில்தான் மறைத்து வைத்த கட்டியும், கைவிடப்பட்ட சிகிச்சையும், மார்பகம் அகற்றப்பட்ட பின் இல்லற வாழ்வில் ஏற்பட்ட விரிசலும் வெளிவரும். அப்பெண்ணின் அனுமதியின்றி எடுக்கப்படும் ஒரு படம், மற்றவர்கள் வாய் திறக்காமல் இருக்கப் போதுமானது.

இரண்டாவதாக, கூட்டங்களில் ஆண்களும் அமர வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் முடிவும் அதற்கான பணமும் பல குடும்பங்களில் கணவர் அல்லது மகனின் கையில் இருக்கும்போது, பெண்களை மட்டும் அழைத்து அறிவுறுத்துவது பாதி வேலையே.

மூன்றாவதாக, கேட்ட கதைகள் தொகுக்கப்பட்டு, பெயர்கள் நீக்கப்பட்டு, மாவட்டச் சுகாதார நிர்வாகத்திடம் சேர வேண்டும். இந்த வட்டாரத்தில் பெண்கள் ஆண் மருத்துவர் என்பதால் தயங்குகிறார்கள், அந்த வட்டாரத்தில் அறிக்கை கிடைக்க நெடுநாள் ஆகிறது, மற்றொன்றில் பேருந்து வசதி இல்லாமல் கீமோதெரபி தவறுகிறது என்ற விவரங்கள், எந்தத் தேசிய ஆய்வின் அட்டவணையிலும் கிடைக்காதவை.

நான்காவதாக, வண்டி அதே சாலையில் திரும்பி வர வேண்டும். அக்டோபரில் கட்டி இருப்பதாகக் கூறியவர் ஜனவரியில் என்ன ஆனார் என்று கேட்க யாரேனும் இருந்தால்தான் முதற்பயணத்துக்குப் பொருள் உண்டாகும்.

அடுத்த அக்டோபரில் வெளியாகும் செய்திக் குறிப்புகளில், கடந்த கிலோமீட்டர்களுக்கும் வழங்கிய பிரசுரங்களுக்கும் அருகே மேலும் மூன்று எண்கள் இடம்பெறுமானால் நிலைமை தெளிவாகும். அறிகுறி இருப்பதாகக் கூறிய பெண்கள் எத்தனை பேர், அவர்களில் 60 நாட்களுக்குள் பரிசோதனை முடித்தவர்கள் எத்தனை பேர், நோய் உறுதியானவர்களில் சிகிச்சையை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பவையே அவை. இந்த எண்கள் தொடக்கத்தில் சிறியவையாகவே இருக்கும். ஆனால் ஆண்டுக்கு 98 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் என்ற பெரிய எண் குறையத் தொடங்குவதும் அவற்றிலிருந்துதான்.